திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில்: ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போனவள் எழுதுவது

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் டாக்டர் "எதுக்கும் தயாரா இருங்க" என்று சொல்லிவிட்டால், எங்கள் பக்கத்தில் அடுத்து எழுகிற பேச்சு திருக்கருகாவூர்தான். நான் அம்மாப்பேட்டை பக்கம். சாலியமங்கலத்தில் இறங்கி, பாபநாசம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே ஊர் வந்துவிடும். கல்யாணமான புதிதில் மாமியாரோடு போயிருக்கிறேன். அப்புறம் உறவுக்காரப் பெண்களுக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். ஆனால் போன ஐப்பசியில் போனது வேறு. சும்மா கோயில் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த விமர்சனத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டு, "போகலாமா, போனால் என்ன செய்யணும்" என்று தேடுகிறவர்கள் இருப்பார்கள் இல்லையா, அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இருந்துகொண்டு கர்ப்பப்பை வாயை அடைத்திருக்கிறது என்று முன்பே ஸ்கேனில் தெரிந்திருந்தது. மாதம் ஏற ஏற அதுவும் மேலே ஏறிவிடும், பலருக்கு அப்படித்தான் என்றார்கள். இவளுக்கு ஏறவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் வலி எதுவுமே இல்லாமல் ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. தஞ்சாவூரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். குழந்தையின் நுரையீரல் பலப்பட ஊசி போட்டார்கள். ரத்தம் ஏற்பாடு செய்து வைக்கச் சொன்னார்கள். "ரத்தப்போக்கு நின்னா நாளைக் கடத்தலாம்மா. 34 வாரம் தாண்டிட்டா குழந்தையைப் பத்தின பயம் பெருசா குறையும். நிக்கலைன்னா இன்னைக்கே எடுத்துடணும்" என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே நடுக்கம் கூடிக்கொண்டே போனது.

மாப்பிள்ளை சிங்கப்பூரில். டிக்கெட் கிடைத்து வந்து சேர நாளாகும். சம்மந்தியம்மா கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். "இங்க நான் பாத்துக்கறேன் சம்மந்தி. நீங்க கருகாவூர் போய் எண்ணெய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். அவ்வளவுதான். முதல் நாள் கட்டிய சேலையோடு கிளம்பினேன்.

இடையில் மாப்பிள்ளையும் தன்னால் ஆனதைச் செய்தார். பணம் கட்டினால் நம் பேரில் பூஜை செய்து வீடியோ அனுப்புகிறோம் என்று இணையத்தில் ஏதோ ஒரு தளம். கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, யாரோ தனியார் நடத்துவது. பணம் போனது, வீடியோவும் வரவில்லை, பதிலும் வரவில்லை. தூரத்தில் இருப்பவர்கள் பதற்றத்தில் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். வேறு வழியே இல்லையென்றால் கோயில் அலுவலகத்தையே கேளுங்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பிரசாதத்தைத் தபாலில் அனுப்பி வைக்கிறார்கள். ஆனால் நேரில் வரக்கூடிய ஒரு ஆள் வீட்டில் இருந்தால், அவர் வந்துவிடுவதுதான் சரி. இந்த மாதிரி நேரத்தில் கேட்க வேண்டியதை நம் வாயால் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் சின்னது. ஐப்பசி மழைக்கு வெட்டாற்றில் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வழியெல்லாம் வயலில் சம்பா நடவு. கோயிலுக்கு எதிரே பெரிய குளம். க்ஷீரகுண்டம், பாற்குளம் என்பார்கள். உள்ளே சுவாமி சந்நிதி, அம்பாள் சந்நிதி இரண்டுமே கிழக்குப் பார்த்தவை. சுவாமி பெயர் முல்லைவனநாதர். புற்று மண்ணால் ஆன லிங்கம் என்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகு என்கிற வாசனைப் பொருளைத்தான் சாத்துவார்கள். முல்லைக்கொடி சுற்றிக் கிடந்த வடு லிங்கத் திருமேனியில் இன்னும் தெரியும். தீராத நோய்க்காரர்கள் வளர்பிறைப் பிரதோஷத்தில் புனுகு சாத்த வேண்டிக்கொண்டு வருகிறார்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். ஆனால் வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் அம்பாளைத் தேடித்தான் வருகிறது. அன்று நானும் பிள்ளையாரைக் கும்பிட்டு, சுவாமி சந்நிதியில் கை கூப்பிவிட்டு நேரே அங்கேதான் போனேன்.

அம்பாள் நின்ற கோலம். ஒரு கை அடிவயிற்றைத் தாங்கியபடி இருக்கும். கர்ப்பமாக இருக்கிற எந்தப் பெண்ணும் தன்னையறியாமல் கையை வைத்துக்கொள்ளும் இடம் அது. என் மகளும் அந்தக் கட்டிலில் அப்படித்தான் படுத்திருந்தாள்.

இந்த ஊர்க் கதையைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போங்கள். நித்துருவர் என்ற முனிவரின் மனைவி வேதிகை. கர்ப்பிணி. கணவர் வெளியே போயிருந்த நேரத்தில் ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வந்து வாசலில் நின்று பிச்சை கேட்கிறார். வேதிகை கர்ப்ப அசதியில் துவண்டு கிடக்கிறாள், எழுந்து வந்து கவனிக்க முடியவில்லை. அவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு சாபம் கொடுக்கிறார். கரு கலைந்து சிதையத் தொடங்குகிறது. வேதிகை அம்பாளை நினைத்துக் கதறுகிறாள். அம்பாள் அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, நைத்துருவன் என்கிற குழந்தையாக அவள் கையில் கொடுக்கிறாள். குழந்தைக்குப் பால் கொடுக்க காமதேனு வந்தது, அது குளம்பால் கீறி உண்டான குளம்தான் எதிரே இருக்கும் க்ஷீரகுண்டம் என்கிறார்கள்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்று வரிசையில் நின்றபோது அதில் வேறொன்று என் கண்ணில் பட்டது. வேதிகை குளித்துவிட்டு வரவில்லை, விளக்கேற்றவில்லை, பூ வைக்கவில்லை. எழுந்திருக்கவே முடியாத ஒருத்தி படுத்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். வாசலுக்கு வந்த முனிவருக்கு அவள் நிலை புரியவில்லை. அம்பாளுக்குப் புரிந்தது. நேற்றுக் கட்டிய சேலையோடு, ஆஸ்பத்திரி வாடையோடு வந்து நிற்கிறோமே என்று எனக்கு இருந்த கூச்சம் அதோடு போய்விட்டது. நீங்களும் அப்படிக் கிளம்பி வந்திருந்தால் கூச்சப்படாதீர்கள். இந்தக் கோயிலில் அந்தக் கோலத்தில் வருபவர்கள் புதிதில்லை.

வரிசையில் விதவிதமான ஆட்கள். கல்யாணமாகிச் சில வருடமாகியும் குழந்தை இல்லாதவர்கள் நெய்யோடு வருகிறார்கள். அம்பாள் சந்நிதிப் படியை அந்தப் பெண்கள் நெய்யால் மெழுகிக் கோலம் போடுவார்கள். அர்ச்சனை செய்து பிரசாதமாகத் தருகிற நெய்யைக் கணவன் மனைவி இருவரும் 48 நாள் இரவில் சாப்பிட வேண்டும். சுகப்பிரசவத்துக்கு வேண்டுகிறவர்களுக்கு விளக்கெண்ணெய். இரண்டும் வேறு வேறு, மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். கவுண்டரில் எதற்காக என்று சொன்னால் அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நான் தடுமாறியதைப் பார்த்து அங்கிருந்த அம்மா, "பிரசவத்துக்குத்தானே? எத்தனாவது மாசம்?" என்று அவரே கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவரும் முன்னால் போகச் சொல்லி இடம் விட்டார். நான் கேட்கவே இல்லை.

எனக்கு முன்னால் நின்றது ஒரத்தநாடு பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு குழந்தை தங்கவில்லையாம், இது மூன்றாவது. போன தடவையும் இங்கே வந்து எண்ணெய் வாங்கிப் போனதாகச் சொன்னாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளே சொன்னாள்: "போன தடவை கேட்டது கிடைக்கலைக்கா. அதுக்காகக் கேக்காம இருக்க முடியுதா? வேற யார்கிட்ட போய் அழுவுறது?" அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். கோயிலுக்கு வந்தால் எல்லாருக்கும் எல்லாம் நடந்துவிடும் என்று எழுத எனக்கு மனம் வராததற்கு அவள்தான் காரணம். நடக்காமலும் போகிறது. நடக்காமல் போனவர்களும் திரும்ப வந்து அதே வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் நம்பிக்கைக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

அம்பாள் சந்நிதியில் குருக்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்று சொன்னால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மகள் பெயரைச் சொன்னேன். பூரம் என்றேன். "எங்கே இருக்கா பொண்ணு?" என்றார். ஆஸ்பத்திரியில் என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். "நான் மந்திரம் சொல்றேன். நீங்க உங்க வாயால கேளுங்கோம்மா" என்றார்.

கேட்டேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே கேட்டேன். "தாயே, ரத்தம் நிக்கணும். 34 வாரம் வரைக்கும் தாங்கிக் குடு. ரெண்டு உயிரும் எனக்கு வேணும்." இவ்வளவுதான். உலகம் நன்றாக இருக்க வேண்டும், எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சொல்வதெல்லாம் அன்று நாக்கில் வரவில்லை. டாக்டர் சொன்ன வார எண்ணைத்தான் அப்படியே அம்பாளிடம் சொன்னேன். இப்படிக் கணக்கு சொல்லிக் கேட்கலாமா என்று உறவில் ஒருவர் பிறகு கேட்டார். ஏன் கூடாது? பெற்ற தாயிடம் பசிக்கிறது என்று சொல்லாமல் "ஏதோ ஒரு குறை இருக்கிறது" என்றா சொல்வோம்? என்ன வேண்டுமோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பக்கத்தில் நிற்பவர்களும் அழுதுகொண்டுதான் இருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நேர்ந்துகொள்வது பற்றியும் ஒரு வார்த்தை. பதற்றத்தில் தங்கத்தில் செய்து போடுகிறேன், ஊருக்கே சாப்பாடு போடுகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அப்புறம் கடன் வாங்கி நிறைவேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை பிறந்த வீட்டில் செலவுக்கா பஞ்சம்? கையில் இருக்கிறதற்குள் நேர்ந்துகொள்ளுங்கள். நான் குழந்தையைக் கொண்டுவந்து தொட்டிலில் போடுகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு பெரிய வேண்டுதலும் செய்யவில்லை. அம்பாள் பேரம் பேசுகிறவள் இல்லை.

எண்ணெயோடு திரும்பினேன். இதைக் கவனமாகப் படியுங்கள். வலி எடுக்கும்போது அடிவயிற்றில் தடவிக்கொள்ளத்தான் இந்த விளக்கெண்ணெய். என் மகள் மாதிரி நஞ்சு கீழே இருப்பவர்களுக்கு வயிற்றை அழுத்தித் தேய்க்கவே கூடாது. டாக்டரம்மாவிடம் குப்பியைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "ஒரு சொட்டு விரல்ல தொட்டு மேல வைங்க, தேய்க்காதீங்க. உள்ளுக்குக் குடுக்கவே கூடாது" என்றார். விளக்கெண்ணெயைக் குடித்தால் வலியைக் கிளப்பிவிடும், அந்த நிலைமையில் அது ஆபத்து என்று காரணத்தையும் சொன்னார். அப்படியே செய்தோம். பிரசாதம் என்பதற்காக டாக்டரிடம் சொல்லாமல் எதையும் செய்யாதீர்கள். ஊசியையும் ரத்தத்தையும் மருத்துவர்கள் கையில் கொடுத்தவளும் அந்த அம்பாள்தான் என்று நான் நினைக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியதில்லை.

அந்த வார்டில் எங்களுடையது மட்டும் இல்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணின் தலையணைக்குக் கீழே வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெய் இருந்தது. எதிரே இருந்தவள் கையில் நாகூர் தர்காவில் கட்டிய கயிறு. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மூன்று கட்டிலிலிருந்தும் முணுமுணுப்புக் கேட்கும். சம்மந்தியம்மா மூன்று பேருக்காகவும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வார்.

ரத்தம் அன்று சாயங்காலத்திலிருந்து குறைந்தது. பிறகு நின்றது. ஆனால் வீட்டுக்கு விடவில்லை, படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் முடிகிறபோது சம்மந்தியம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு கோடு போடுவார். 34 முடிந்து சில நாள் கழித்து மறுபடி ரத்தம் போக ஆரம்பித்தது, உடனே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பேத்தி இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். இப்போது கன்னம் வைத்துவிட்டாள், குரல் தெரு முனை வரைக்கும் கேட்கிறது. மருந்தால் நடந்ததா, வேண்டுதலால் நடந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தேவையில்லை. நான் கேட்டேன், கேட்டது கிடைத்தது. நன்றி சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

நேர்ந்துகொண்டபடி குழந்தையைக் கொண்டுபோய்க் கோயில் தொட்டிலில் போட்டோம். அங்கே தங்கத் தொட்டில் உண்டு. மாப்பிள்ளையும் வந்திருந்தார். "அத்தை, அன்னைக்கு நீங்க இங்க நின்னு என்ன கேட்டீங்க?" என்றார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்று ஒரத்தநாட்டுப் பெண்ணை அந்தக் கூட்டத்தில் கண் தேடிக்கொண்டே இருந்தது. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்காகவும் ஒரு அர்ச்சனை செய்தேன், பெயருக்குப் பதிலாக "மூணாவது குழந்தை வயித்துல இருக்கிற பொண்ணு" என்று சொல்லி. குருக்கள் ஏன் என்று கேட்கவில்லை.

நேரம் இருப்பவர்களுக்கு: இந்தப் பக்கத்தில் ஐந்து வனத் தலங்கள் என்று சொல்வார்கள். விடியற்காலையில் திருக்கருகாவூரில் தொடங்கி, அவளிவணல்லூர், அரித்துவாரமங்கலம், ஆலங்குடி பார்த்து, ராத்திரி அர்த்தஜாமப் பூஜைக்குத் திருக்கொள்ளம்புதூரில் முடிப்பது முறை. குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகு நன்றி சொல்ல ஒரு நாள் வண்டி வைத்துப் போகலாம். கொள்ளம்புதூரில் தீபாவளியை ஒட்டி ஓடத் திருவிழா நடக்கும். ஆற்றில் வெள்ளம், ஓடக்காரன் இல்லை, அந்த நேரத்தில் சம்பந்தர் அடியார்களோடு ஓடத்தில் ஏறிப் பாடிப் பாடியே அக்கரை சேர்ந்தாராம். அவர் வெள்ளம் வடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆனால் அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஐந்தையும் சுற்ற வேண்டாம். கருகாவூர் போய்விட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். மதியம் நடை சாத்தினால் மாலை நாலு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டும், அதனால் காலையில் போய்விடுங்கள். வெள்ளி, ஞாயிறில் கூட்டம் அதிகம். ரயிலில் வருகிறவர்கள் பாபநாசத்தில் இறங்கினால் பக்கம், பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். டாக்டர் படுக்கச் சொல்லியிருக்கிற பெண்ணைக் காரில் போட்டு இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வராதீர்கள், அவள் படுத்தே இருக்கட்டும். அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் தெரிந்துகொண்டு அம்மாவோ அப்பாவோ மாமியாரோ புருஷனோ யார் வந்து நின்றாலும் அர்ச்சனை நடக்கும், எண்ணெயும் கொடுப்பார்கள்.